இறங்காத சைக்கிள்காரர்

மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கூட்டம் கிளம்பி வருகிறது. தலையில் வரிவரியாக ஓட்டை போட்ட ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, முதுகில் ஒரு தண்ணீர்ப் பை. ஆளுக்கொரு சைக்கிள், அதைத் தூக்கினால் ஒரு கையில் வந்துவிடும், விலையைக் கேட்டால் மயக்கம் வந்துவிடும். எதற்கு வருகிறார்கள் என்றால் வண்டித் தொல்லை இல்லாத பாதையாம், கால்வாய்க்கரையாம், இரண்டு பக்கமும் வனமாம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் வனத்தைக் கண்டுபிடித்த மகராசன்கள் இவர்கள்தான். அந்த வனம் முழுக்கச் சீமைக்கருவேலம். கால்வாய் என்பது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக வெட்டிய வரத்துக்கால். தண்ணீரைத் தவிர பிளாஸ்டிக் பை, பழைய டயர், செத்த கோழி என்று எல்லாவற்றையும் அது ஒழுங்காகக் கொண்டுவருகிறது. வண்டித் தொல்லை இல்லை என்பது மட்டும் சத்தியமான உண்மை. புத்தி உள்ளவன் எவனும் அந்த வழியில் வண்டியை விட மாட்டான்.

இந்தக் கூட்டத்துக்குக் குருநாதர் ஒருவர் உண்டு. பாளையம்பட்டி ஜோதிலிங்கம். அவர்கள் செல்போனில் போடுகிற படங்களில் அவர் 'இயற்கையின் காதலர்'. அடேயப்பா! வேப்பம்பூ உதிர்ந்து நெசவுப் பாவு நூலில் விழுந்தால் மரத்தின் பரம்பரையையே திட்டுகிற மனுஷன் அவர். மயில் கத்தினால் ஜன்னலைச் சாத்துவார். அப்பேர்ப்பட்டவர் அறுபதை எட்டப் போகிற வயதில், முள்ளுக்கும் புழுதிக்கும் நடுவே வாரம் தவறாமல் சைக்கிள் மிதித்தார் என்றால் அது இயற்கைக்காக இல்லை. மகளுக்காக. அதை ஒத்துக்கொள்ளத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

ஜோதிலிங்கம் குழித்தறியில் உட்கார்ந்து சேலை நெய்தவர். பிறகு ஊரே விசைத்தறிக்கு மாறியபோது அவரும் மாறினார். வீட்டில் பேசுவது கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் அடிக்கடி வரும். மனைவி வேணி அதற்குப் பயந்ததாக வரலாறு இல்லை. ஒரே மகள் ஜீவிதா. பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். அங்கே லோடு வண்டி ஓட்டி வந்த சுந்தரபாண்டியைப் பார்த்தாள். அவன் பரளச்சிக்குப் போகிற வழியில் ஒரு மானாவாரி ஊர்க்காரன். சாதி வேறு, பாஷை வேறு, சாப்பாடு வேறு. அதெல்லாம் இருவருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பதிவு அலுவலகத்தில் மாலையை மாற்றிக்கொண்டு நேரே பாளையம்பட்டிக்கு வந்து வாசலில் நின்றார்கள். பின்னாலேயே சுந்தரபாண்டியின் அப்பா காளிராஜ், வெற்றிலைத் தட்டோடு, பல்லெல்லாம் தெரிய.

ஜோதிலிங்கம் உள்ளே போனார். தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். தெருவே வேடிக்கை பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார்.

"உங்க ஊரு மண்ணுல என் காலு படாது. செத்தாலும் படாது!"

"செத்தா தூக்கிட்டுல்ல போவாங்க? காலு எப்படிப் படும்?" என்றாள் வேணி. கன்னடத்தில்தான் சொன்னாள். ஆனாலும் தெருவில் பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியும்.

சூடம் அணைத்துச் சொன்ன சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள். கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூடச் சூடத்துக்கு முன்னால் யோசிப்பான். கை கொப்பளித்ததுதான் ஜோதிலிங்கத்துக்கு மிச்சம். ஜீவிதா அழுதுகொண்டு போனாள். அவர் தறிச்சத்தத்தை அதிகமாக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.

ஒரு வருஷம் போனது. ஜீவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. வேணி சொன்னாள். "அப்படியா" என்றார், ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்று கேட்டமாதிரி. அதே மாதத்தில் டாக்டர் அவருக்குச் சுகர் என்றார். நடக்கச் சொன்னார். நடந்தால் முழங்கால் வலிக்கிறது, சைக்கிள்தான் சரி என்றார் ஜோதிலிங்கம். மெயின் ரோட்டில் டிப்பர் லாரிக்காரன்கள் ஆளைக் கொல்கிறான்கள், அதனால் கால்வாய்க்கரைதான் சரி என்றார். வடக்கே போனால் காரியாபட்டிப் பக்கம் போகலாம், நிழல் உண்டு, டீக்கடை உண்டு. அவருடைய சுகருக்கு என்னவோ பரளச்சிப் பக்கம் போகிற வரத்துக்கால்தான் ஒத்துக்கொண்டது.

முதல் வாரமே முள் இரண்டு சக்கரத்தையும் பதம் பார்த்தது. விடவில்லை. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் உறை மாதிரி வைத்துக்கொண்டார். ஆட்டுக்காரர்கள் அவரைப் பார்த்து, "ஏலே, இந்தாளு என்ன, கருவேலங்காயைப் பொறுக்கவா வாரான்?" என்று பேசிக்கொண்டார்கள்.

கால்வாய் ஓர் இடத்தில் அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த ஊரின் பெயரை அவர் சொன்னதே இல்லை, 'அந்த ஊர்' என்றுதான் சொல்வார். கரையிலிருந்து இறங்கினால் ஒரு களம். கேப்பை, குதிரைவாலி அடித்துத் தூற்றுகிற மண் களம். களத்துக்கு அந்தப் பக்கம் காளிராஜ் வீட்டின் கொல்லைக்கதவு. இவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. வழிதவறித்தான் அங்கே போனார். வாரத்துக்கு ஒரு தடவை வழிதவறுவார்.

முதல் தடவை போனபோது ஜீவிதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தோளில் சாய்த்த குழந்தை. ஜோதிலிங்கம் களத்துக்குள் சைக்கிளை விட்டார். காலை ஊன்றினால் சத்தியம் போச்சு. திரும்பிப் போனால் வந்தது வீண். என்ன செய்தார்? களத்தைச் சுற்றினார்.

அது அவருக்குப் பழக்கப்பட்ட வேலைதான். அவர் பையனாக இருந்த காலத்தில் பாளையம்பட்டிப் பொட்டலுக்குச் சைக்கிள் வித்தைக்காரர் ஒருவர் வருவார். ஒரு வாரம் இராப்பகலாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமாகச் சுற்றுவார். குளிப்பது, சாப்பிடுவது, முகம் மழிப்பது எல்லாம் சைக்கிள் மேலேயே. மைக்செட் அலறும். ஜனங்கள் ஓடிப்போய் அவர் சட்டையில் ரூபாய்த்தாளைக் குத்திவிடுவார்கள். ஜோதிலிங்கம் அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து, ஆள் நடப்பதை விட மெதுவாக, விழாமல் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார். வீட்டில் உதை வாங்கியதோடு அந்தக் கலை அன்றைக்கு முடிந்தது. இத்தனை வருஷம் கழித்து அது சோறு போடாவிட்டாலும் மகளின் முகத்தைக் காட்டியது.

முதல் சுற்றில் ஜீவிதா திரும்பவில்லை. இரண்டாவது சுற்றில், "சாப்பிட்டீகளா?" என்றாள், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

ஜோதிலிங்கம் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்து, "ம்" என்றார்.

அடுத்த வட்டத்தில், "மாத்திரை போடுறீகளா?"

அதற்கு அடுத்த வட்டத்தில், "ம்."

"இறங்குங்கப்பா."

அந்த வட்டம் முடிவதற்குள் அவர் கரையேறிப் போய்விட்டார். செருப்போடு இறங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். செருப்புப் போட்டால் அது கால் இல்லையா, சூடம் என்ன அவ்வளவு ஏமாளியா என்பது அவர் கட்சி. அப்படியானால் சக்கரத்துக்கு மட்டும் சூடம் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். பெல்லை அடித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. குழந்தைக்குப் பெயர் அழகுத்தாய். காளிராஜின் அம்மா பெயர். அதைக் கேட்ட அன்றைக்கு, "இந்தக் காலத்துல பிள்ளைக்கு வைக்கிற பேரா இது?" என்று ஜோதிலிங்கம் மூன்று சுற்று கோபமாகச் சுற்றினார். அப்புறம் அவரே "தாயி, தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டு காராச்சேவுப் பொட்டலத்தை ஓடுகிற சைக்கிளிலிருந்து நீட்ட ஆரம்பித்தார். பிள்ளை கூடவே ஓடிவந்து வாங்கிக்கொள்ளும். மகளும் அப்பாவும் கன்னடத்தில் பேசுவதால் களத்தில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. மகள் சொல்வது துண்டு துண்டாகத்தான் அவருக்கு வந்து சேரும், பாதி இந்த வட்டத்தில், பாதி அடுத்த வட்டத்தில்.

காளிராஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒருநாள் கயிற்றுக்கட்டிலை எடுத்துக் களத்து ஓரத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சம்பந்தி சுற்றிவந்தபோது எழுந்து கூடவே நடந்து, அவர் சட்டையில் ஊக்கால் ஒரு பத்து ரூபாய்த்தாளைக் குத்திவிட்டார்.

"நல்லா சுத்துறீக சம்பந்தி. மைக்செட்டு சொல்லிருவமா?"

ஜோதிலிங்கத்துக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஊக்கைக் கழற்றி எறிய வேண்டுமென்றால் இரண்டு கையையும் விட வேண்டும், விட்டால் விழுவார். அதோடுதான் மேலும் சுற்றினார்.

அன்றைக்குத்தான் பிள்ளை தாயிடம் கேட்டாள். "அம்மா, தாத்தாவுக்குக் காலு கெடையாதா?"

"இருக்குடி. சைக்கிள்லயே ஒட்டிக்கிருச்சு" என்றாள் ஜீவிதா.

அடுத்த வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஜோதிலிங்கத்தின் காதில் இரண்டும் விழுந்தன. சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. ஊர் திரும்புகிற வழி முழுக்க அது அவரைத் தின்றது.

இந்த நேரம் பார்த்துத்தான் மதுரைக் கூட்டம் வந்து மாட்டியது. கரையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து டயரிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தலைவன் மதன்குமார், காரியாபட்டிப் பையன், மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனி. கியர் இல்லாத, பின்னால் கேரியர் வைத்த, மட்கார்டில் கட்டுக்கம்பி சுற்றிய பழைய சைக்கிளில் ஒரு பெரியவர் முள்ளுக்குள் சர்வசாதாரணமாகப் போவதைப் பார்த்தான். ஆள் அப்படியே உருகிவிட்டான்.

"அங்கிள், இந்த ரூட்ல அடிக்கடி வருவீங்களா?"

"வாராவாரம்."

"எதுக்கு அங்கிள்?"

மகளைப் பார்க்க என்று சொல்ல முடியுமா? "சும்மாதான். காத்து வாங்க" என்றார் ஜோதிலிங்கம். சித்திரை மாத அனல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் அவர் படம் ஊரெல்லாம் சுற்றியது. முள் வேலிக்கு நடுவே வேட்டியை மடித்துக்கட்டிய ஜோதிலிங்கம், கீழே நாலு வரி, பரபரப்பான உலகத்தை விட்டு விலகிய ஞானி என்று. நெசவுத்தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். ஞானி அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஞானிக்கு ஊறுகாய் வேணுமா?" என்று கேட்டாள் வேணி.

அதற்கடுத்த வாரம் களத்தில் ஜீவிதா வட்டத்துக்கு நடுவே வந்து நின்றுகொண்டாள். அவர் அவளைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

"வார ஞாயித்துக்கிழம தாயிக்குக் காது குத்துறோம். மாமன் மடியில உக்கார வச்சுக் குத்தணும். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்ல. நீங்கதான்பா உக்காரணும்."

"சத்தியம் பண்ணிட்டேன்ல?" என்றார், சுற்றிக்கொண்டே.

"சரி. அப்ப இனிமே இங்க வந்து சுத்தாதீக." அவர் சுற்றுகிற பக்கமெல்லாம் அவளும் திரும்பினாள். "மூணு வருசமா என் புள்ள சைக்கிளைத்தான் தாத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நீங்க வரலைன்னா தெருவுல பாண்டிராஜ்னு ஒருத்தர் இருக்காரு. மாமன் இல்லாத புள்ளைகளுக்கெல்லாம் அவரு மடிதான். அவரு மடியில உக்கார வச்சுக்கிறேன். ஆனா அதுக்குப் பிறகு நீங்க வந்தா நான் கொல்லைக்கதவைத் தெறக்க மாட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஜோதிலிங்கம் ஆள் இல்லாத களத்தை மேலும் இரண்டு தடவை சுற்றினார். பழக்கதோஷம்.

அந்த வாரம் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. யாரோ ஒரு பாண்டிராஜ்! ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வாடகை மடி தருகிறவன்! என் பேத்தி அவன் மடியிலா? பூசாரியிடம் போய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் கேட்கலாம். ஆனால் பூசாரி தெருவுக்கெல்லாம் சொல்லிவிடுவார். தெரு சிரிக்கும். மகள் போனாலும் பரவாயில்லை, தெரு சிரிக்கக் கூடாது என்று ஒரு மனது சொன்னது. அந்த மனதைத்தான் அவர் மூன்று வருஷமாகச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. முற்றத்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கேரியரில் ஏறி உட்கார்ந்தார். கால் இரண்டையும் தரையில் படாமல் மடக்கிக்கொண்டார். மடியில் அடுப்படியிலிருந்து எடுத்துவந்த ஒரு பூசணிக்காயை வைத்து ஆடாமல் பிடித்துப் பார்த்தார். காது குத்துகிறபோது பிள்ளை திமிரும் அல்லவா, அதற்காகப் பூசணிக்காயைக் கொஞ்சம் ஆட்டியும் பார்த்தார். சைக்கிள் சாய்ந்தது. பூசணிக்காய் உடைந்தது.

சத்தம் கேட்டு வேணி வந்தாள். சைக்கிளையும் பூசணிக்காயையும் கீழே கிடந்த புருஷனையும் பார்த்தாள்.

"அதுக்குக் காது எந்தப் பக்கம்னு பாத்தீகளா?"

அவர் பூசணித் துண்டுகளைப் பொறுக்கினார். இவளுக்கு எப்படித் தெரியும் என்ற சந்தேகம்கூட அவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை. "ஞாயித்துக்கிழம நான் கோயிலுக்குப் போறேன்" என்றாள் வேணி. "நீங்க காத்து வாங்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. போவதா வேண்டாமா என்று திண்டாடிக்கொண்டே வாசலுக்கு வந்தால் ஹெல்மெட் போட்ட பதினைந்து தலைகள். மதன்குமார் ஊரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "இன்னைக்கு நீங்கதான் லீடு பண்ணணும் அங்கிள். நீங்க என்ன செய்றீங்களோ அதை அப்படியே ஃபாலோ பண்றோம்." முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். தெருவே வாசலில் நின்று பெருமையாகப் பார்க்கிறது. ஜோதிலிங்கம் பெடலில் காலை வைத்தார். வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஹேண்டில்பார் என்னவோ பழகின பக்கம்தான் திரும்பியது.

வழியெல்லாம் அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். மயில் ஓடினால் ஆச்சரியம். கவுதாரி பறந்தால் ஆச்சரியம். கருவேல விறகைச் சுடுகிற கரிமூட்டத்துப் புகையைப் பார்த்துப் பனி என்றான் ஒருவன். போன வாரத்துக் கோடை மழையில் கால்வாய்க் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதன் மேல் கருவேல நிழல் விழுந்து, ஒரு கொக்கு தனியாக நின்றது. மூன்று வருஷமாக அந்த வழியில் போகிற ஜோதிலிங்கம் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். இதுவரை ஊர் எப்போது வரும் என்று மட்டுமே பார்த்துக்கொண்டு போனவர், இன்றைக்கு ஊர் வராமல் இருந்தால் தேவலை என்று இருந்ததால் கண்ணில் பட்டது.

களம் நிறைந்து கிடந்தது. பந்தல், மைக்செட், ஆட்டுக்கறி வாசனை. நடுவில் ஜமுக்காளம். அதில் பாண்டிராஜ் புதுச்சட்டை போட்டுச் சம்மணம் கூட்டி, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊசியோடு ஆசாரி. சுந்தரபாண்டி மொட்டை போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஜீவிதா கரையைப் பார்க்கக் கூடாது என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிலிங்கம் இறங்கி வந்தார், அதாவது சைக்கிள் இறங்கியது. பந்தலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பின்னாலேயே பதினைந்து சைக்கிளும் வட்டம் போட்டன. அவர் காலை ஊன்றவில்லை. குருவே ஊன்றாதபோது சிஷ்யர்கள் ஊன்றுவார்களா? "ஸ்லோ ரைடிங் மக்களே, யாரும் காலைக் கீழே வைக்காதீங்க!" என்று மதன்குமார் கத்தினான். ஜனங்கள் கறிச்சோற்றை மறந்துவிட்டு எழுந்து நின்றார்கள். மைக்செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டு, "மதுரையிலிருந்து வருகை தந்திருக்கும் சைக்கிள் வீரர்களை விழாக் கமிட்டி சார்பாக வரவேற்கிறோம்" என்று அறிவித்தான். சும்மா விடுவாரா காளிராஜ்? கை நிறைய ரூபாய்த்தாளும் ஊக்கும் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு ஆளாகக் குத்த ஆரம்பித்தார். மதுரைப் பிள்ளைகள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டன.

ஜோதிலிங்கத்துக்கு உலகமே அவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. தெரு சிரிக்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டவர், இப்போது ஒரு ஊரையே கூட்டி வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரே ஒரு சத்தம்தான் சிரிப்பாக இல்லை. பாண்டிராஜ் மடியில் வைத்த பிள்ளை, "இவுக வேணாம், இவுக வேணாம்" என்று கால்களை உதைத்து அலறிக்கொண்டிருந்தது. "தாத்தா! தாத்தா!" என்று அவர் பக்கம் கையை நீட்டியது. ஒவ்வொரு வட்டத்திலும் அந்தக் கை கிட்டே வந்தது, தாண்டிப் போனது.

அப்போது முன்சக்கரத்தில் புஸ்ஸென்று காற்று இறங்கியது. டியூபுக்கு உறை போட்டும் முள் விடவில்லை. சக்கரம் தடதடத்தது, ஹேண்டில்பார் ஆடியது. இன்னும் ஒரு சுற்றுத் தாங்கும், அதுவும் சந்தேகம்.

கொல்லைக்கதவு திறந்தது. கையில் கரண்டியும் இடுப்பில் சொருகிய முந்தானையுமாக வெளியே வந்தது வேணி! அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி ஒரு நடை. கோயிலுக்குப் போனவள் இங்கே எப்படி? எப்படி என்ன எப்படி. வாராவாரம் செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள், டவுன் பஸ்ஸில் ஏறி இங்கே வந்து பேத்தியைக் குளிப்பாட்டி, சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் குங்குமத்தோடு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று வருஷமாக அவர் சுற்றிய சுற்றெல்லாம் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் கதையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

வேணி கரண்டியைச் சுந்தரபாண்டி கையில் கொடுத்துவிட்டு, கதவோரம் இருந்த ஒரு சிமெண்டுச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். புருஷன் வருகிற வட்டத்தில், ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில், சாக்கை அப்படியே கவிழ்த்தாள். ஒரு குவியல் மண்.

"நம்ம தெரு மண்ணு. வீட்டு வாசல்ல அள்ளி பஸ்ஸுல கொண்டாந்தேன். இதுல எறங்குனா சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது. எறங்குங்க."

ஜோதிலிங்கம் அந்த மண்ணைப் பார்த்தார். கரிசல் மண். அதில் ரெண்டு ஆட்டுப்புழுக்கையும் காய்ந்துபோன ஒரு கருவேலங்காயும் கிடந்தன. அவருடைய தெருவில் புழுதி பறந்து பாவில் ஒட்டுகிறது என்று நகராட்சிக்கு மனுமேல் மனு போட்டு, தெரு முழுக்கச் சிமெண்டுக் கல் பதிக்க வைத்தவரே அவர்தான். போன பொங்கலுக்கு முன்னால் பதித்து முடித்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் கேசரி கொடுத்ததும் அவர்தான். அந்தத் தெருவில் இன்றைக்கு ஒரு செடிக்கு வைக்க ஒரு பிடி மண் கிடைக்காது.

அது வேணிக்கும் தெரியும். கேசரி கிண்டியதே அவள்தான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சைக்கிள் கோணிக்கொண்டு நின்றுவிடும்போல் இருந்தது.

"நம்ம தெரு மண்ணுதானா?" என்று கேட்டார் ஜோதிலிங்கம்.

"பின்ன? சந்தேகமா இருந்தா மோந்து பாருங்க."

"வேண்டாம். பாத்தாலே தெரியுது" என்றார். காலை எடுத்து அந்த மண்ணில் வைத்தார்.

சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது. பின்னால் வந்த பதினைந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு சரிந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குவியலைத் தாண்டி அடுத்த அடியை அந்த ஊர் மண்ணிலேயே வைத்தார், அதற்கடுத்ததையும் வைத்தார். "எந்திரிங்க, அது என் இடம்" என்றார் பாண்டிராஜிடம். பாண்டிராஜ் பிள்ளையை ஜீவிதாவிடம் கொடுத்துவிட்டு, மடியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். ஜோதிலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜீவிதா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பிள்ளையை அவர் மடியில் இறக்கினாள்.

அழகுத்தாய் அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்தாள். மடித்திருந்த வேட்டியை விலக்கினாள். புழுதி அப்பிய காலைத் தடவினாள், பெருவிரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஆசாரி ஒரு காதில் ஊசியை ஏற்றியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா! தாத்தாவுக்குக் காலு இருக்கு!"

களமே வெடித்துச் சிரித்தது. காளிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜோதிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிள்ளையின் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என்னப்பா என்று ஜீவிதா கேட்டதற்கு, காலில் முள் தைத்துவிட்டது என்றார்.

வேணி சிமெண்டுச் சாக்கை உதறி மடித்தாள். "எந்தக் காலுல?" என்று கேட்டாள்.